எழுநூறு அடியில் அப்பா

பெருந்துறை ஆஸ்பத்திரியில்
டாக்டர் இந்துமதி
இரவுக்கு அரை மாத்திரை எழுதிவிட்டுப்
பேனாவை மூடவில்லை.

விடுதி அறையில் எத்தனை கட்டில்?
பதினாலுங்க.
விளக்கை அணைப்பது யார்?
அணைக்கிறதில்லைங்க.
கடைசியாக எப்போது பந்தைத் தொட்டாய்?
பத்தாவதில்.

எல்லாவற்றையும் எழுதினார்
மாத்திரைக்குக் கீழே,
அதே கையெழுத்தில்.

அப்புறம் அப்பாவுக்குப் போன் போட்டார்.
ராய்ப்பூர் தாண்டி எங்கேயோ
எழுநூறு அடியில் இருந்தார் அப்பா.
கம்ப்ரசர் இரைச்சலில்
"பீஸ் கட்டியாச்சுங்களே" மட்டும் கேட்டது.

"ரிக்கை நிறுத்துங்க. காத்திருக்கேன்."

ஓடாத ரிக்குக்கும்
ஆள்கூலி உண்டு, வட்டி உண்டு.
கணக்குச் சொல்லப்போகிறார் என்று
நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நின்றது.

ஊருக்கு வந்தாலும் கத்தித்தான் பேசுவார்,
காது அப்படி.
இப்போது அந்தப் பக்கம்
யாரோ குழாயைக் கீழே போடுகிற சத்தம்,
ஒரு நாய்,
பிறகு
எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரல்:
"சாமி...
தூக்கம் வருதா உனக்கு?"

டாக்டர் போனை என் பக்கம் நகர்த்திவிட்டு
சன்னலைத் திறக்க எழுந்தார்.
அது திறந்துதான் இருந்தது.

"வரலீங்ப்பா" என்றேன்.
இரண்டு வருஷத்தில்
மார்க் இல்லாமல்
அவருக்கு நான் சொன்ன பதில்.