பதினைந்து நாள் ஈரம்

புல் வைக்கப் புல்லைப் பிடுங்க வேண்டும்
என்று சென்னியப்பன் சொன்னபோது சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
கடப்பாரையை நட்டுவிட்டு
உள்ளே யாரோ பேசுவதைக் கேட்பவர்போல நின்றார்.
"மேல ஓரடிதானுங்க மண்ணு.
கீழ பூராவும் சுக்காங்கல்லு."

அவிநாசியிலிருந்து சேவூர் போகிற வழியில்
மூன்றே முக்கால் சென்ட்.
வீடு போக மிச்சம்
பதினெட்டுக்கு இருபத்திரண்டு அடி.
இருபத்தோரு வருடம்
செக்கிங் டேபிள் முன்னால் சிமெண்ட் தரையில் நின்ற கால்கள்
செருப்பைக் கழற்றி வைக்க
ஓர் இடம் கேட்டன. அவ்வளவுதான்.

மண்வெட்டி முதலில் தட்டியது
கொத்தனார் கலவை போட்ட இடத்தில்
தோசைக்கல் போல இறுகிக் கிடந்த சிமெண்ட் வில்லையை.
அதற்கடியில் ஒற்றைக் கையுறை, பாக்குப் பொட்டலங்கள்,
பிறகு துணி.
எந்தக் கம்பெனி கழித்த வெட்டோ,
எந்த மழையில் புதைந்ததோ,
இளஞ்சிவப்பு ரிப், சாயம் துளி போகவில்லை.
"நல்ல கலர்" என்று வாய் தானாகச் சொன்னது.

கோரைக்கிழங்குதான் ஓயவில்லை.
ஒன்றை இழுத்தால் நூலில் கோத்த மாதிரி இன்னொன்று,
நூல் அறுந்த இடத்தில் எத்தனை தங்கியதோ.
துளசிமணி சல்லடையில் சலித்துச் சலித்துப்
படி நிறையச் சேர்த்தாள்.
மருந்தடிக்க வேண்டாம் என்றேன்.
"அப்படின்னாத் தண்ணி விடுங்க,
பதினஞ்சு நாளைக்கு, வெறும் மண்ணுக்கு.
உள்ள இருக்கறதெல்லாம் வரட்டும்."

வெறும் மண்ணுக்குத் தண்ணீர்!
எட்டு நாளைக்கு ஒருமுறை குழாய் திறக்கிற தெருவில்.
போர்த் தண்ணிதான், உப்புக் கரிக்கும்,
இருந்தும் இருட்டிய பிறகே ஓஸைப் பிடித்தேன்.
மதிலுக்கு அந்தப்புறம் கோகிலமணி கேட்டாள்:
"என்ன போட்டிருக்கீங்க?"
"ஒண்ணும் போடலீங்க."
"பொறவு?"

ஐந்தாம் நாள் ஊசிமுனைகளாகக் கோரை.
ஒன்பதாம் நாள், மேற்கு மூலையில்,
வீடு கட்டியபோது சித்தாள்கள்
தூக்குப்போசி கழுவி ஊற்றிய இடத்தில்
தக்காளி.
ஒன்றா இரண்டா, ஒரு கைப்பிடி நெரிசல்,
மயிர் முளைத்த தண்டு, இன்னும் விதைத்தோல் கழலாத இலை.
யார் குழம்பு அது?
சாரத்தில் தூளி கட்டியிருந்தாளே, அவளா?
வெயிலுக்குத் தலையில் சாக்கு போட்டுக்கொண்டவளா?
சனிக்கிழமைதோறும் நான்தான் எண்ணிக் கொடுத்தேன்.
முகம் வருகிறது, பெயர் வரவில்லை.

"விட்றலாமுங்களா?" என்றார் சென்னியப்பன்.
மட்டக்கயிறு அந்த மூலையைத் தாண்டித்தான் கட்டியிருந்தது.
நானே குனிந்து பிடுங்கினேன்.

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.
கம்பெனியில் அன்றைக்குக் கைக்குழந்தை உடுப்பு, வெள்ளை.
நாற்பதாவது பீஸோ என்னவோ,
நெஞ்சுப் பக்கம் மஞ்சளும் பச்சையுமாக ஒரு பெருவிரல்.
சிவப்பு அம்புக்குறியை உரித்து
நானே ஒட்டினேன்.
"ஆயிலாக்கா?" என்றாள் பக்கத்து டேபிள் ரம்யஜோதி.
மோந்து பார்த்தேன். ரசம் கொதிக்கிற வாசம்.
ஆல்டர் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

கடைசி இரண்டு நாளும் வேகம்தான்.
செம்மண், மணல், ஆட்டெரு, வேப்பம்புண்ணாக்கு.
டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து
தெருப்பக்கம் இரண்டங்குலச் சரிவு.
காங்கிரீட் அடைத்த டிரம்மை
அவர் இழுக்க, துளசிமணி தள்ள,
வாசல் அழுந்தி அழுந்தி
இஸ்திரி போட்ட துணியானது.
"காலையில் அஞ்சரைக்குப் புல்லு வந்துரும்.
அதுவரைக்கும் மிதிச்சுறாதீங்க."

மிதித்தேன்.
எல்லோரும் படுத்த பிறகு, செருப்பில்லாமல்,
மேற்கு மூலை வரைக்கும்.
சில்லென்று இருந்தது.
திரும்பி வரும்போதே பலகையால்
தடத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

கூலிக் கணக்கு எழுத நோட்டை எடுத்தேன்.
சென்னியப்பன், ஏழு நாள்.
துளசிமணி, ஏழு நாள்.
எதிர்ப்பக்கத்தில், போன வருடத்து என் கையெழுத்து:
சித்தாள் - 3.
கீழே தொகை. அதன் கீழே ஒரு கோடு.

நான்கே முக்காலுக்கே ஹாரன்.
பின்பலகை வழியாகத் தண்ணீர் சொட்டச் சொட்ட
டெம்போ நிற்கிறது.
எங்கே இறக்க என்கிறான் பையன்.