மண்டலம் என்ற கட்டம்

இனி மூன்று மண்டலம் என்றார்கள்.
சுவரில் புது வரைபடம்.
கால்வாயை ஒட்டி யாரோ
ஸ்கெட்ச் பேனாவில் இழுத்த கோடு
பேசின் பிரிட்ஜ் பக்கம் சற்று நடுங்கியிருக்கிறது.

அவரவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே
விசாரணை, ஆலோசகர், இல்லம்.
நல்ல யோசனைதான்.
கூட்டத்தில் நானும் கை தூக்கினேன்.

கோப்பு எண் நூற்றுப் பதினேழு.
பெயரை எழுதக் கூடாது. வயது பதினைந்து.
எடுத்தது வண்ணாரப்பேட்டையில் ஒரு செல்போன்,
திரை ஏற்கெனவே உடைந்தது.
வீடு
கூவம் கரையில் இருந்தது,
போன ஆடியில் இடித்தாயிற்று.
இப்போது பெரும்பாக்கம், ஏழாவது மாடி,
லிஃப்ட் ஓடாத பிளாக்.

வசிப்பிடம் தெற்கு என்கிறது வடக்கு.
சம்பவம் வடக்கு என்கிறது தெற்கு.
பதினெட்டு நாளாய்க் கோப்பு
என் ஸ்கூட்டி டிக்கியில்,
டிபன் பாக்ஸுக்குக் கீழே
சாம்பார் வாசனையோடு.

இலவச பஸ்ஸுக்காக நின்று நின்று
மூன்று வண்டி மாறி வருகிறாள் சகாயமேரி.
வரைபடத்தைக் காட்டி விளக்கினேன்.
கோட்டை அவள் பார்க்கவில்லை.
கூவத்தின் வளைவொன்றில் விரலை வைத்து
"இங்க இருந்தப்ப ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தான் மேடம்"
என்றாள்.

பிறகு, ரொம்ப மெதுவாக:
"தெக்குனு எழுதிட்டா
எங்கிட்ட கிட்டக்க வந்துருவானா?"

தெற்கில்
பெயர்ப்பலகைக்கு மட்டும் ஆர்டர் போயிருக்கிறது.
கட்டடத்துக்கு
இன்னும் வாடகை பேசுகிறார்கள்.

பேனா மூடியைத் திறந்தேன்.
தண்ணீர் குடிக்கிறீங்களா என்று கேட்டேன்.