நான்காம் வினா, பத்துப் புள்ளி

"பேரரசன் ஏன் பனியில் நின்றான்?"
நாற்பத்திமூன்று விடைத்தாள்.
நாற்பத்திமூன்றிலும் நிற்கிறான்
கனோசாக் கோட்டை வாசலில், ஆயிரத்து எழுபத்தேழு ஜனவரி,
முரட்டுக் கம்பளி, வெறுங்கால், மூன்று நாள்.
ஒருவன் இரண்டு நாள் என்கிறான். அரைப் புள்ளி குறைத்தேன்.
ஒருத்தி, யாரும் பார்க்காத நேரம்
காலுறை போட்டிருப்பான் என்கிறாள்.
குறைக்க மனம் வரவில்லை.

ஆயருக்கு மோதிரமும் கோலும் யார் கையால்?
அவ்வளவுதான் சண்டை.
மோதிரம் கொடுத்தவன் நிலம் கொடுக்கிறான்.
நிலம் வாங்கியவன் படை கொடுக்கிறான்.
இதை வகுப்பில் விளக்க மூன்று வாரம் பிடித்தது.
தமிழில் ஒரு சொல் போதும்:
பரிவட்டம்.
அந்தச் சொல்லை அங்கே யாரிடம் சொல்ல?

சஸ்கற்றூன். இரவு ஒன்பதரை. மைனஸ் முப்பத்திநான்கு.
போன் அடிக்கிறது. சோமாஸ்கந்தக் குருக்கள்.
"பிள்ளை, உங்களிட்டைக் கார் இருக்கெல்லோ."

முன்பு தரைக்கம்பளம் விற்ற கடை, இப்போது கோயில்.
கதவில் இரண்டு பூட்டு.
பித்தளை, தலைவர் பேரம்பலத்தார் போட்டது.
மேலே இரும்பு, நீக்கப்பட்ட செயலாளர்
நகுலேஸ்வரன் போட்டது.
வடம் பிடிக்க முதலில் யார் என்று தொடங்கி
நன்கொடைக் கணக்கில் வந்து நிற்கிறது வழக்கு.
அந்தக் காலத்தில் சபைநீக்கம் செய்ய
மெழுகுதிரியைத் தரையில் எறிந்து அணைப்பார்கள்.
இங்கே பதினொரு குடும்பத்தை
வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்,
ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு நேரம்.

வேட்டிக்கு மேல் யாரோ கொடுத்த
ஹொக்கி அணிக் குளிரங்கியோடு குருக்கள் நின்றார்.
அவருடைய விசா தலைவரின் கையெழுத்தில்.
அவருடைய சம்பளம் செயலாளரின் காசோலையில்.
இருவரும் சொன்னது ஒன்றுதான்:
"அவர் முதல்ல திறக்கட்டும்."

அரசன் வெளியே, பாப்பரசர் உள்ளே,
அதுவாவது ஓர் ஒழுங்கு.
இங்கே எல்லாரும் வெளியே.
உள்ளே பிள்ளையார் மட்டும்,
நேற்றுச் சாத்திய அறுகம்புல்லோடு.

"விளக்கில எண்ணெய் முடிஞ்சிருக்கும்" என்றார்.
கால்விரல்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
காருக்குள் ஏறச் சொன்னேன்.
எட்டிப் பார்த்தார். பின் இருக்கையில் விடைத்தாள்கள்,
அவற்றின் மேல் பாதி தின்ற கோழிச் சான்ட்விச்.
"பரவாயில்லைப் பிள்ளை, நிக்கிறன்."

பின் சந்திலிருந்து ஒரு டோர்ச் வந்தது.
லெஸ்யா டிமிட்ரக். கட்டடம் இவளுடையது.
இரவு உடுப்பு, செத்துப்போன புருசனின் பூட்ஸ்,
தோளில் பூட்டறுக்கும் நீளக் குறடு.
"குழாய் உறைந்து வெடித்தால்
உங்கள் யானையா காசு தரும்?"
நறுக். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். நறுக்.

குருக்கள் வலது காலை எடுத்து வைத்தார்.
அவள் எந்தக் காலென்று பார்க்காமல் நுழைந்தாள்.
இருட்டுக்குள் இரண்டு பேரும் துழாவினார்கள்,
ஒருவர் தீப்பெட்டிக்கு,
மற்றவள் ஹீற்றர் சுவிட்சுக்கு.
எது முதலில் பற்றியது என்று
வாசலில் நின்ற எனக்குத் தெரியவில்லை.

வீட்டில், நடுச்சாமம் கடந்து, முப்பத்தியோராவது தாள்.
ரீட் சான்டர்சன். கோழி கிளறிய கையெழுத்து.
பாப்பரசர் மன்னித்ததும் இல்லை,
எட்டு வருடத்தில் அவரே ரோமை விட்டு ஓடி
வேற்றூரில் செத்ததும் இல்லை.
"கோட்டை அரசனுடையதல்ல, பாப்பரசருடையதுமல்ல,
ஒரு சீமாட்டியுடையது.
மூன்று நாளும் இவ்வளவு பேருக்குச் சூப்
யார் செலவு?"
கேள்விக்குப் பதில் இல்லை. ஆறு போட்டேன்.
வெட்டிவிட்டு ஒன்பது.

காலையில் பல்கலைக்கழகம் போகும் வழியில் பார்த்தேன்.
கதவில் மூன்று பூட்டு.
பித்தளை புதிது. இரும்பும் புதிது.
மூன்றாவதன் கீழே ஒட்டிய தாளில்
நவம்பர் தொடக்கம் வராத வாடகை.
வாசலிலிருந்து பஸ் தரிப்பு வரைக்கும்
பனியில் ஒரு சோடிக் காலடி போயிருந்தது.
அங்கே அது
கனநேரம் நின்றிருக்கிறது.