பூனைக்குத் ௪

கட்டூம்பா. டிசம்பர். மேற்குக் காற்று
இரண்டு நாளாக ஒரே பக்கம் தள்ளுகிறது.
சன்னல் இடுக்கை ஈரத்துணியால் அடைத்துவிட்டு
இரவு பதினொன்றுக்கு உட்கார்ந்திருக்கிறேன்
ஐந்து பக்கத் தமிழ்த் துண்டறிக்கையோடு.

தலைமையகத்திலிருந்து ஒற்றை வரி உத்தரவு:
தீ என்று மட்டும் போட்டால்
அடுப்படி என்று நினைத்துக்கொள்வார்கள்,
எல்லா இடத்திலும் காட்டுத்தீ ஆக்கு.

இதற்கென்ன.
கோப்பைக் குழாயில் ஊற்றினேன்.
நடுவில் செட் உட்கார்ந்து மாற்றியது,
அரை நொடி.

மறுமுனையில் சொட்டியது:
காட்டுத்தீவிர எச்சரிக்கை.
காட்டுத்தீர்மானமாக வெளியேறுங்கள்.
மருந்துகளை எடுத்காட்டுத்தீர்களா?
தொடர்புக்கு: காட்டுத்தீபரூபன்,
தன்னார்வத் காட்டுத்தீயணைப்புப் படை.

சொல்லின் ஓரம் பார்த்து மாற்று என்றேன்.
அந்தப் பழைய கருவிக்கு
நம் சொல்லின் ஓரம் தெரியவில்லை.
மெய்யின் தலையில் புள்ளி கண்டால்
சொல் முடிந்ததென்று கத்தரியை வைக்கிறது.
மூச்சு விடாமல் அந்தப் புள்ளியைத் தாண்டுகிறோம் என்று
அதற்கு யார் சொல்வது.

ஒளித்துவைப்பதுதான் வழி.
விதி வருமுன் சொல்லை எழுப்பி
அதன் நாற்காலியில் வேறொன்றைக் குந்தவைத்து
விதி போனபின் திரும்பக் கூப்பிட வேண்டும்.
குந்துவதற்கு, அறிக்கையில் எங்கும் வராத எழுத்து வேண்டும்.
தமிழ் எண்கள்! யார் எழுதுகிறார்கள் இப்போது?
தீபரூபன் ௧. தீவிரம் ௨. தீர்மானம் ௩.
தீனி ௪. எடுத்தீர்களா ௫.
பத்தாவதில் கை நின்றது:
ஒன்றும் சுழியுமாகப் போட்டால்
பத்தின் முன்பாதி தீபரூபனாகிவிடும்.
அப்புறம் ஞாபகம் வந்தது ௰.
பத்துக்குத் தனி எழுத்து வைத்த மகராசன்
எந்தக் கடையில் கணக்கெழுதினானோ.

எண் சரிதானா என்று தீபரூபனை அழைத்தேன்.
பின்னால் பம்பு இரைந்தது.
மெகலாங் பள்ளத்தாக்கில் நின்றார்.
"எல்லா வீட்டையும் காப்பாத்தேலாது.
நிக்கக்கூடிய வீடாப் பாத்து
கேட்டில நாடா கட்டிக்கொண்டு வாறம்.
நெருப்புப் போனாப் பிறகு
நாடாவைத் தேடிப் போவம்."
ஒருமுறைகூட அவர் தீ என்று சொல்லவில்லை.
நெருப்பு என்றே சொன்னார்.
என் விதி எதுவும் தொடாத சொல்.

இரண்டு மணிக்கு அச்சுக்குப் போனது.

நாலு நாள் கழித்து, ஸ்பிரிங்வுட் மண்டபம்,
வரிசையாக மடக்குக் கட்டில்கள்.
நிரோஜினி என்ற பெண் அறிக்கையை நீட்டினாள்.
நாய்க்குத் தீனி, பூனைக்குத் ௪.

ஒரு வரியில் முதலாவதை மீட்டுவிட்டு
நின்றிருக்கிறது கருவி.
வரி முழுக்க என்று சொல்லும் ஓரெழுத்தை
நான்தான் போடவில்லை.

"நாலுதானே? ஃபோனில தேடிக் கண்டுபிடிச்சன்.
ஆனா என்ன நாலு எண்டு போடேல்லையே."

அதனால் கிண்ணம் நாலு.
துவாய் நாலு. மீன் டின் நாலு.
எதற்கும் இருக்கட்டுமென்று
மெழுகுதிரியும் நாலு.

மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள்
பூனை
இரண்டாவது டின்னில் இருந்தது.