விரலின் இரண்டாம் கணு

ஃபுஜைராவில் கடலைக் குடிநீராக்கும் ஆலையில்
எனக்கு முள் பார்க்கும் வேலை.
அழுத்தத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி
உப்புக்கு ஒன்று
ஓட்டத்துக்கு ஒன்று.
முள் சிவப்பைத் தொட்டால் மணி அடிக்கும்.
மணி அடிக்குமுன்பே கை நீட்டிவிடுகிறவன் என்று
பதினோரு வருடப் பேர் எனக்கு.

மிளகாய்ச் செடிக்கு முள் கிடையாது.

மொஃபிஸ் போட்ட விதை அது.
சில்ஹெட்காரன்.
அவர்கள் ஊர் நாகா மிளகாய்,
ஒன்றைக் கிள்ளிப் போட்டால்
அறையே இருமும்.
பதினாலு விதையில் ஒன்று பிழைத்து
வெள்ளை பெயிண்ட் வாளியில்
கேம்ப்பின் பின்சுவரோரம் முழங்கால் உயரம் நின்றது.

விடியற்காலை ஐந்தரைக்கு
வேலைக்குப் போகுமுன் மொஃபிஸ் ஒரு குவளை.
இரவு முடித்து ஆறே முக்காலுக்கு வந்து
பாவம் யாரும் கவனிக்கலியே என்று நான் ஒரு குவளை.
மதியம் ஒன்றே காலுக்குக் கிளம்பும் சவரியான்
வெயிலில் அது தலை தொங்குவதைப் பார்த்துவிட்டு
பூட்ஸ் கயிறு கட்டாமலே ஓடி
அரை வாளி.

மூன்று பேரும் ஒன்றாக விழித்திருப்பது
மாதத்தில் இரண்டு நாள்.
மற்ற இருவரும் மறந்திருப்பார்கள் என்பதில் மட்டும்
எங்களுக்குள் பூரண ஒற்றுமை.

அடியிலைகள் முதலில் மஞ்சளாயின.
வெயில், என்றோம். ஊற்றினோம்.
பூ காம்போடு கழன்று விழுந்தது.
காற்று, என்றோம். ஊற்றினோம்.
இலைக்கு அடியில் சின்னச் சின்னக் கொப்புளம்,
ஜூலை மாதத்து மண்ணில் பச்சைப் பாசி,
தட்டினால் எழும்பும் கறுப்புக் கொசுக் கூட்டம்.
பாலைவனத்தில் பாசி!
அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

குனிந்தபோதுதான் அந்த வாடை.
எனக்குத் தெரிந்த வாடை.
கடல் உள்ளே வரும் வலையில்
சிப்பி செத்து ஒட்டிக்கிடக்கும் வாரத்தில்
ஆலை முழுக்க அடிப்பது.

உச்சி வெயிலில் சாய்ந்து
அந்திக்கு நிமிர்ந்தால் அது வெறும் மயக்கம்.
விடிகாலைக் குளிர்ச்சியிலும் சாய்ந்திருந்து
மண்ணும் ஈரமாயிருந்தால்
தாகமில்லை, மூச்சு முட்டல்.
இது எனக்குத் தெரிந்தது
விரலை இரண்டாம் கணுவரை இறக்கிய பிறகு.
மேலே காய்ந்த மாதிரி ஒரு தோல்.
கீழே சேறு.

வாளியைக் கவிழ்த்தோம்.
அடியில் ஓட்டை இல்லை.
யாரும் போடவில்லை.
போட்டிருப்பான் என்று ஆளுக்கொருவனை நினைத்திருந்தோம்.

வேர் பழுப்பாய், வழவழப்பாய்,
இழுத்தால் தோல் உருவி
நரம்பு மட்டும் கையில் நின்றது.
நடுவில் விரல் நீளத்துக்கு
வெள்ளையாய் ஒன்று.
அதை விட்டுவிட்டு மற்றதை நறுக்கினோம்.
வெல்டர் சவரியான் கம்பி காய்ச்சி
ஏழு ஓட்டை போட்டான்,
கப்பலுக்குப் போடுகிற கவனத்தோடு.

பிறகு ஒன்பது நாள்
ஒன்றும் செய்யாமல் இருந்தோம்.
ஒரு எமிரேட்டுக்கே தண்ணீர் அனுப்புகிறவன்
ஒரு குவளையைக் கையில் வைத்துக்கொண்டு
ஊற்றாமல் நிற்பது
சுலபமில்லை ஐயா.
அந்த வாரத்தில்தான் ஒரு நாள்
வீட்டுக்குப் பேசினேன், சாப்பிட்டியா என்றேன்.
"இப்பத்தானே கேட்டீங்க,
காலையில மூணு தடவை," என்றாள் வள்ளியம்மை.
சரி என்று வைத்துவிட்டேன்.

இப்போது வாளியைத் தூக்கிப் பார்க்கிறோம்.
கனத்தால் விட்டுவிடுகிறோம்.
இலேசாயிருந்தால் விரல்.
விரல் காய்ந்து வந்தால்
ஏசியில் சொட்டி இரவெல்லாம் ஆறிய தண்ணீர்,
விடியுமுன், அடி ஓட்டையில் கசியும்வரை.
தொட்டித் தண்ணீர் வேண்டாம்.
ஜூலையில் அதில் டீத்தூள் போடலாம்.
ஊற்றியவன் வாளி விளிம்பில்
ஒரு பாட்டில் மூடியைக் கவிழ்த்துவைக்கிறான்.
கடைசியில் நாங்களே செய்த முள் அது.

நவம்பரில் ஒரே ஒரு காய்.
சுருங்கிய தோல், செங்கல் நிறம்.
மொஃபிஸ் சவர பிளேடால் மூன்றாய் அரிந்து
பருப்புச் சோற்றின்மேல் வைத்தான்.
சவரியான் வீரமாக மென்றான்.
கண், மூக்கு, காது எல்லாம் திறந்துகொள்ள
தண்ணி, தண்ணி என்று கை நீட்டினான்.

மொஃபிஸ் சிரிக்கவே இல்லை.
குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு
லபன் பாட்டிலைத் திறந்து கொடுத்தான்.