பிரிண்டரின் வயர்

கடிதத்தில் ஒரு வரிதான்:
வரும் திங்கள் முதல் மொழிபெயர்ப்பாளரும்
திரையில் தெரிய வேண்டும்.

பதினொரு வருடமாய் நான் தொலைபேசியில் ஒரு குரல்.
ரெஜைனாவில், நிலக்கீழ் அறையில்,
ஃபர்னஸுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே இருந்து
மற்றவர்களின் 'நான்' எல்லாவற்றையும்
நானே சொல்லி வந்திருக்கிறேன்.
நான் அடிக்கவில்லை என்று சொன்னேன்.
நான் வாடகை கட்டினேன் என்று சொன்னேன்.
எனக்கு நாள் தள்ளி மூன்று மாதம் என்று
அதே காலையில் சொல்லிவிட்டு
அடுப்பை அணைக்க மேலே ஓடினேன்.
கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பேன்,
வெங்காயம் உரித்தபடியும் கேட்டிருக்கிறேன்.
எவருக்கும் தெரியாது
என் காதருகே நரை எங்கே தொடங்குகிறது என்று.

மூடப்போகிற பல் கிளினிக் ஒன்றில்
அறுபது டொலருக்கு மானிட்டர் வாங்கினேன்.
உச்சியில் அழுத்தினால்
நத்தைக் கொம்புபோல் எழும்பும் கமரா.
எல்லாம் உள்ளேயே இருக்கிறது என்றார் விற்றவர்.

படம் வந்தது. பளிச்சென்று வந்தது.
கமரா மட்டும் இல்லை என்றது கம்பியூட்டர்.
கண்ணுக்கு எதிரே கண் இருக்க
கண்ணே இல்லை என்றது.
அணைத்துப் போட்டேன்.
செட்டிங்ஸில் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தேன்,
கேட்காதவைக்கும் கொடுத்தேன்.
டிரைவரைப் புதுப்பித்தேன். துணியால் துடைத்தேன்.
கடைசியில் கெட்ட வார்த்தை ஒன்று,
தமிழில், மொழிபெயர்க்காமல்.

ஞாயிறு இரவு. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மானிட்டரைத் தலையணையில் குப்புறக் கிடத்தி
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
எச்.டி.எம்.ஐ வயர் ஒருவழிப் பாதை:
கம்பியூட்டர் சொல்லும், திரை கேட்கும்.
கண்டதைத் திரும்பிச் சொல்லத் திரைக்கு
வேறொரு வாய் வேண்டும்.
இருந்தது அது, தூசி அடைத்து,
சதுரமாய், மேல் மூலை இரண்டும் சீவி,
எங்கேயோ பார்த்த ஓட்டை.

எங்கே?

பிரிண்டரின் பின்னால்.

அதன் வயரைப் பிடுங்கி இதில் செருகினேன்.
முன்பக்க யு.எஸ்.பி ஆடியது,
பின்பக்கம் பிடித்துக்கொண்டது.
டிங்.
பச்சைப் புள்ளி ஒன்று.
அப்புறம் நான்,
ஃபர்னஸ் குழாயும் அரிசி மூட்டையும் பின்னால் நிற்க.
இவ்வளவு களைத்தவளா?
மூட்டையை நகர்த்தினேன்.

திங்கள், ஒன்பதரை.
செபமாலை மரியநேசன், இறைச்சித் தொழிற்சாலை,
இழப்பீட்டு விசாரணை.
அவர் மெல்ல மெல்லச் சொன்னார்.
நான் ஆங்கிலத்தில் சொன்னேன்:
மெஷினை யாரும் நிறுத்தவில்லை,
என் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

சொல்லும்போதுதான் பார்த்தேன்,
என் கட்டத்துக்குள்
பேச்சோடு சேர்ந்து எழும்பியிருந்தது என் கை,
ஐந்து விரலும் விரிந்து.

குரலாய் இருந்தவரை அது பொய்யில்லை.

கையை இறக்கித் தொடைக்கடியில் வைத்தேன்.
அவருடையது முதலிலிருந்தே மேசைக்குக் கீழே.
கையைக் கொஞ்சம் மேலே காட்டச் சொல்லுங்கள் என்றார்
அதிகாரி திருமதி கொவால்சக்.
அதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்.
சொன்னேன்,
கையை மேலே எடுக்காமல்.

இரண்டு மணி நேரத்துக்கான பில்
அன்றே போகவேண்டும், காகிதத்தில், கையெழுத்தோடு.
வீட்டில் அந்த மாதிரி வயர் ஒன்றுதான்.
உருவினேன்.
கட்டம் கறுத்தது.
பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு
என் பெயரை அச்சடிக்கத் தொடங்கியது.