பேட்ச் சீட்டின் பின்பக்கம்

ஞாயிறு இரண்டாம் ஷிப்டை மாதம்மாவிடம் தள்ளிவிட்டு
சஷ்மியைப் படத்துக்குக் கூட்டிப்போனேன்.
கைப்பையில் காகிதமென்று இருந்தது
மாம்பழக்கூழ் பேட்ச் சீட்டு ஒன்றுதான்.
அதன் பின்பக்கம் இருட்டில் எழுதியது இது.
வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்.

முதலில் ஆமை.
முதுகில் ஓர் ஊரைச் சுமந்து நடக்கிற கல்லாமை.
அதன் கழுத்துச் சுருக்கத்தை வரைந்தவர்
நிஜ ஆமை ஒன்றின் எதிரில்
ஒரு மாதமாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.
கண் திறக்க அது எடுத்துக்கொண்ட நேரத்தில்
பின்வரிசையில் பாப்கார்ன் மெல்லும் சத்தம் நின்றது.

மழையும் நன்று.
ஜன்னலில் இறங்குகிற துளி
இன்னொரு துளிக்காகக் கொஞ்சம் நின்று
சேர்ந்தபின் வேகமெடுக்கிறது.
கஞ்சத்தனம் பார்க்காமல் செய்திருக்கிறார்கள்.

அணில் வேண்டியதில்லை.
மூன்று நிமிடத்துக்கொரு தரம் விழுந்து எழுந்து
மெட்ராஸ் பாஷையில் ஜோக் அடிக்கிறது.
தெலுங்கில் அதட்டி, கன்னடத்தில் கொஞ்சி,
உருதுவில் பேரம் பேசுகிற கிருஷ்ணகிரியில்
அது யாரைப் பார்த்துப் பேசுகிறதென்றே புரியவில்லை.
ஆனாலும் சஷ்மி விழுந்து விழுந்து சிரித்தாள்.
எழுதியதை அடிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

இடைவேளை முடிவதற்குள் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டே இருந்தது.
யாரோ செல்போன் விளக்கைப் போட,
முன்வரிசைப் பிள்ளைகள் கைகளைக் கோத்து நீட்ட,
வெள்ளைத் திரையில் ஐந்தாறு ஆமைகள்
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஊர்ந்தன.
ஒன்றுக்கு ஆறு விரல்.
இதைப் படத்தின் கணக்கில் சேர்ப்பதா
கரண்ட்காரர் கணக்கில் சேர்ப்பதா?

சூனியக்காரி திருந்துவது அவசரம்.
பெங்களூரா காயைக் கல் போட்டு
ஒரே ராத்திரியில் மஞ்சளாக்குகிற வேலை.
தோல் பழுத்துவிடும்,
கொட்டைப் பக்கம் வெட்டினால் வெள்ளை.
பதினொரு வருஷமாக அதைத்தான்
லோடு லோடாகத் திருப்பி அனுப்புகிறேன்.
எனக்குத் தெரியாதா.

பிறகு அந்த அப்பா.
தெருவிளக்கு ஏற்றப் போய்
முதல் காட்சியிலேயே பனியில் தொலைந்தவர்
கடைசிக் காட்சியில் வாசலில் நிற்கிறார்,
சட்டை சொட்டச் சொட்ட.
பாலம் உடைந்துவிட்டது. படகு எரிந்துவிட்டது.
ஆமையோ அதற்குள் ஏழு கடல் தாண்டிவிட்டது.
எந்த வழியில் வந்தார்?
'பெரிய ஓட்டை' என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டேன். பேனா காகிதத்தைக் கிழித்தது.

வெளியே வந்ததும் அவளிடமே கேட்டேன்.
"அதான் வந்துட்டார்ல" என்றாள்
கண்ணாடி டெபாசிட் முப்பது ரூபாயை எண்ணிக்கொண்டு.
"வழியெல்லாம் எதுக்கும்மா?"

போன ஆடியில் கிரானைட் லோடோடு
கிளம்பியவர் முனிராஜ்.
டோல்கேட் வரைக்கும் எனக்கு வழி தெரியும்.
அதற்கப்பால்
எனக்கும் யாரும் காட்டவில்லை.

பஸ் ஸ்டாண்டில் காவேரிப்பட்டணம் வண்டிக்கு நின்றோம்.
விளக்குகளுக்குப் பின்னால்
சையத் பாஷா மலை கறுப்பாகக் குந்தியிருந்தது.
"மூச்சு விடுது பாரும்மா" என்றாள்.
பார்த்தேன்.
கொஞ்ச நேரம் நான் விட்ட மூச்சைக்கூட
நிறுத்திவைத்துப் பார்த்தேன்.
இதை எழுத இடமில்லை. சீட்டு நிரம்பிவிட்டது.

திங்கள் காலை
சௌடப்பா சார் ஃபைலுக்குச் சீட்டைக் கேட்டார்.
முன்பக்கம் பிரிக்ஸ் பதினாலரை, புளிப்பு சரி,
கறுப்புப் புள்ளி இல்லை.
திருப்பினார்.
ஆமை, அணில், ஓட்டை, கிழிசல்
எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார்.
"இது என்ன, பாஸா ரிஜெக்டா?"

ஹோல்டு போடுங்க சார்,
இன்னொரு சாம்பிள் பார்க்கணும்.